பூட்டுக்காரர் வீட்டுக் காயங்கள்

லிஃப்டில் எதிர்வீட்டு டீச்சரம்மா தன் மனைவியின் கையையே உற்றுப் பார்ப்பதைக் கண்டதும் பூட்டு ரிப்பேர்க்காரருக்கு வியர்த்துவிட்டது. இரண்டு கையும் விரல் முட்டியிலிருந்து முழங்கை வரை ஊதா ஊதாவாகக் கன்னிப்போயிருந்தன. டீச்சரம்மா அடுத்து அவரைப் பார்த்து "த்சு" கொட்டிவிட்டு இறங்கிப் போனார்.

"போச்சு! நான்தான் உன்னை அடிக்கிறேன்னு முடிவே கட்டிட்டாங்க."

"நீங்களா? கொசுவுக்கே வழிவிடுற ஆளு!" என்று மனைவி சிரித்தாள்.

சிரிக்கிற விஷயமா இது? பூட்டுக்காரருக்குப் பெயர்தான் சோறு போடுகிறது. அது கெட்டால் யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

குற்றவாளி இருந்தது அவள் ரத்தத்தில்தான். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "எதிர்ப்புச் சக்தி நிலை தடுமாறிடுச்சு. அழற்சியைக் கிளப்பிவிடுற புரதமெல்லாம் அளவுக்கு மீறி ஊறுது. காக்க வேண்டிய அணுக்களே ரத்தத்தை உறைய வைக்கிற சொந்தத் தட்டணுக்களை எதிரின்னு அழிக்குது. ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது பதினெட்டாயிரம்தான் இருக்கு. லேசா பட்டாலே ரத்தம் கட்டும்."

காயத்தை மறைக்க, முதலில் பூட்டுக்காரர் அவளுக்கு முழுக்கைச் சட்டை வாங்கிக் கொடுத்தார். மணிக்கட்டு எலாஸ்டிக் இறுக்கி, வளையல் போட்டதுபோல் புதிதாக ஒரு காயம் வந்தது.

"ஊர் பார்க்கக் கைகோத்து நடப்போம்" என்றார் அடுத்து. கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவை. தெருமுனை போய்த் திரும்புவதற்குள் அவள் கையில் ஐந்து விரலும் அச்சு அசலாகப் பதிந்துவிட்டன.

கடைசியில் மாடிப்படியில் டீச்சரம்மாவை மறித்து விளக்கினார். "காக்க வேண்டியதே சொந்த ஆளை அடிக்குது டீச்சர். அதான் பிரச்சினையே!"

"புரியுது தம்பி. வெளிய சொல்ல முடியாம சுத்தி வளைச்சுச் சொல்றீங்க" என்று டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்தாததற்கு ஸ்டீராய்டு மாத்திரை வேறு. அதை விழுங்கினால் மனைவிக்கு அகோரப் பசி, அதைவிட அகோரக் கோபம். "இன்னும் எவ்வளவு நேரம்? பசிக்குதுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் வாணலியைக் கைநழுவவிட்டார். கட்டடமே அதிர்ந்தது. அவர் "ஐயோ அம்மா!" என்று அலறினார்.

கால்மணி நேரத்தில் அழைப்புமணி அடித்தது. வாசலில் போலீஸ்காரம்மா, பின்னால் டீச்சரம்மா.

பூட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். "சத்தியமா நான் அவளை அடிக்கலம்மா! எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடத்தை அணைச்சு..."

"அட, நீங்க எங்க தம்பி அடிக்கப் போறீங்க!" என்று டீச்சரம்மா முன்னால் வந்து அவரை அணைத்தாற்போல் மறைத்துக்கொண்டார். "அவ கை ரெண்டும் அப்படிக் கன்னிப்போற அளவுக்கு உங்களைப் போட்டு மொத்துறாளேன்னுதான் நான் போனே பண்ணேன்!"