கயிற்று மாஸ்டரும் நஸீரா வீட்டுக் கூரையும்

கம்ப்யூட்டர் படிப்பிக்கப் படகு கட்டும் கயிற்றோடு வந்த மனிதர் உலகத்திலேயே எங்கள் கயிற்று மாஸ்டர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

யுத்தம் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். மன்னார் டவுனில் ஒரு கொட்டகையில் எங்களுக்குப் பயிற்சி. மீள்குடியேறியவர்களுக்குக் கூரைத் தகரம் கொடுக்கும் கந்தோர் ஒன்று, அதற்கான புரோகிராமை எங்களையே எழுதச் சொல்லியிருந்தது. அது ஓடினால்தான் தகரம் வெளியே வரும். எங்களோடு படித்த எருக்கலம்பிட்டி நஸீராவின் குடும்பமும் பிளாஸ்டிக் தறப்பாள் விரித்த கொட்டிலில் அதற்காகக் காத்திருந்தது. தறப்பாளுக்குள் மாரி மழையைக் கழிப்பது விளையாட்டல்ல.

குடும்பம், களஞ்சியம், லொறி என்று ஒவ்வொன்றுக்கும் புரோகிராமில் ஒரு தனிப் பகுதி, அதாவது ஒரு 'கிளாஸ்', எழுதிக் காட்டினோம். மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

"குடும்பம் ஏன் களஞ்சியத்துக்குள்ள பூந்து தகரம் எண்ணுது? லொறியில ஏறி டீசல் பாக்குது? கலியாண வீட்டுக்கு வந்தவன் குசினிக்குள்ள போய்ச் சட்டியைத் திறக்கிறதோ?"

விளங்கவில்லை என்றோம். கயிறு வெளியே வந்தது.

"அவரவர் இடுப்பில அவரவரே கட்டுங்கோ!"

நஸீரா குடும்பம், நான் களஞ்சியம், பேசாலைப் பொடியன் யூட் லொறி. ஒவ்வொருவரிலிருந்தும் மற்ற இருவருக்கும் கயிறு. "லொறி, போய்த் தண்ணி குடிச்சிட்டு வா" என்றார். யூட் இரண்டடி வைத்தான். நான் கதிரையோடு விழுந்தேன், நஸீரா மேசையோடு சரிந்தாள். மகளைக் கூட்டிப்போக வந்த அவளுடைய வாப்பா சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றார்.

"யா அல்லாஹ்! பிள்ளையப் படிக்க அனுப்பினா கட்டியா வச்சிருக்கிறீங்க?"

"பயப்பிடாதேங்கோ நானா. இவ இப்ப உங்கட மகள் இல்லை. குடும்பம்."

வாப்பாவுக்கு மயக்கம் வராத குறை. மாஸ்டர் மீன் வெட்டும் கத்தியை எடுத்ததும் அந்தக் குறையும் தீரப் பார்த்தது. கத்தி அறுத்தது கயிற்றைத்தான். குடும்பத்திலிருந்து களஞ்சியத்துக்கு ஒன்று, களஞ்சியத்திலிருந்து லொறிக்கு ஒன்று, அவ்வளவுதான் மிச்சம்.

"குடும்பம் களஞ்சியத்திட்டக் கூரை தாங்கோ எண்டு மட்டும் கேக்கட்டும். என்ன கூரை, எந்த லொறி எண்டது களஞ்சியத்தின்ர பாடு. தெரியத் தேவையில்லாததைத் தெரிஞ்சு வச்சிருக்காதேங்கோ!"

அப்படியே திருப்பி எழுதினோம். மாஸ்டர் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த கிழமை கந்தோரிலிருந்து சேதி வந்தது. தகரம் இல்லையாம், அதற்குப் பதிலாக ஓடு கொடுக்கப்போகிறார்களாம். தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. நஸீரா அழவே தொடங்கிவிட்டாள். பழைய புரோகிராம் என்றால் எல்லாவற்றையும் உடைத்து எழுதவேண்டும், அதற்குள் மழை வந்துவிடும். இப்போது களஞ்சியத்தை மட்டும் திருத்தினோம். குடும்பமும் லொறியும் அசையவே இல்லை. எங்களுக்கே நம்ப முடியவில்லை.

மாரிக்கு முன்னரே நஸீரா வீட்டுக்குக் கூரை ஏறியது. விருந்துக்கு வந்த மாஸ்டர் சாப்பாட்டின் நடுவே அண்ணாந்து பார்த்துத் திகைத்தார்.

"ஓடோ? தகரம் எண்டெல்லோ சொன்னவை! எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"உங்களுக்குத் தெரியத் தேவையில்லை மாஸ்டர்" என்றாள் நஸீரா.

 மனிதர் வாயில் வைத்த இனிப்பு வட்டிலப்பத்தை விழுங்கவும் மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாப்பாதான் முதுகில் தட்டி இன்னொரு துண்டு வைத்தார்.

அவர் இல்லாமலும் எங்களால் முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் காலை, அவர் வருமுன்னரே எல்லோரும் கொட்டகைக்கு வந்து அவருக்காகக் காத்திருந்தோம்.