புல்லாங்குழலுக்கு நடுவே விழுந்த அடி பற்றி அக்காவுக்கு

அன்புள்ள, அதைவிடப் பொறுமையுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம். உன் ரத்தக்கொதிப்பும் மாமாவின் முழங்காலும் இந்தக் கடிதத்தைத் தாங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். தாங்காது என்று தோன்றினால் மாமாவைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் படி.

போன வாரம் நீ போனில், பள்ளிக்கூட பேண்டோடு வெளியூர்ப் போட்டிக்குப் போய்வந்தீர்களே, என் மருமகள் எப்படி வாசித்தாள் என்று கேட்டாய். "அரங்கமே அவளைத் திரும்பிப் பார்த்தது அக்கா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அரங்கம் திரும்பிப் பார்த்தது மட்டும் நிஜம். நீ அதை அப்படியே வாங்கிக்கொண்டு உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் சொல்லிவிட்டாய் போலிருக்கிறது. பல வருஷமாகப் பேசாமல் இருந்த சித்தப்பாகூட போன் செய்து வாழ்த்தினார். வாழ்த்து வரும்போதெல்லாம் என் மகள் போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையைத் தாங்க இனி என்னால் ஆகாது அக்கா. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்து முடித்ததும் நீ எனக்காக ஒரு காரியம் செய்யவேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மாதிரிப் பயணங்களுக்குப் பிள்ளைகளோடு துணைக்குச் சில பெற்றோர் போவது வழக்கம். போக வேண்டியவள் என் மனைவி. கிளம்புகிற சமயம் பார்த்து மாடிப்படியில் கால் பிசகி, கணுக்கால் வீங்கிப்போய், வேறு வழியில்லாமல் என்னைப் போகச் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் வாடியிருந்தது, கால் வலி என்று நினைத்துக்கொண்டேன். "பிள்ளைங்களைப் பத்திரமா ஏத்தி இறக்கினாப் போதும், எதுலயும் தலையிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். நான் தலையிடுகிறவனா அக்கா? நீ பதில் சொல்ல வேண்டாம். என் பிழைப்பு அப்படி. பார்சல் கூடத்தில் மேற்பார்வை என்றால் என்ன? நாள் முழுக்க நின்றுகொண்டு, யார் சும்மா நிற்கிறார்கள் என்று பார்ப்பது. பெல்ட் ஓடுகிற இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது, ஆகவே எங்களுக்குள் எல்லாமே கை ஜாடைதான். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. இரண்டு கையையும் விரித்துச் சேர்த்தால், ஏன் மரம் மாதிரி நிற்கிறாய், வேலையைப் பார். இந்த இரண்டாவது ஜாடையைக் காட்டிக் காட்டி எனக்குத் தூக்கத்தில்கூடக் கை சேரும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒருத்தர் கையைத் தொங்கப்போட்டு நின்றாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

பஸ் வந்து நின்றதும் பிள்ளைகள் வாத்தியப் பெட்டிகளைத் தூக்கிவந்து, பஸ்ஸின் அடியிலிருந்த சாமான் அறையில் இஷ்டத்துக்குத் திணித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பேண்டு மாஸ்டர், குரல் உயர்த்தத் தெரியாத நல்ல மனுஷன், அவர்களுக்குப் பழக்கம்தான் சார், விட்டுவிடுங்கள் என்றார். நான் சட்டைக் கையை மடித்தேன். எல்லாவற்றையும் வெளியே எடுக்கவைத்து, பெரிய பெட்டி கீழே, சின்னது இடுக்கில், துணி மூட்டைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் மெத்தை மாதிரி என்று தொழில் சுத்தமாக அடுக்கிக் கொடுத்தேன். ஊசி போக இடமில்லை. டிரைவரே இறங்கிவந்து கைகொடுத்தார். அரங்கத்து வாசலில் போய் இறங்கியபோதுதான், முதலில் வேண்டியது சீருடை என்பதும், சீருடை முழுவதும் என்னுடைய மெத்தைக்குள் இருப்பதும் தெரிந்தது. அந்த மூட்டைகளை மறித்துக்கொண்டிருந்த பெரிய ஊதுகுழல் பெட்டி ஒன்று, நான் நெருக்கியிருந்த நெருக்கலில், என்ன இழுத்தும் வரமாட்டேன் என்றது. மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொத்தான் பளபளக்க வரிசையாக உள்ளே போகிறார்கள், நம் பிள்ளைகள் நடைபாதையில் பெட்டிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு நிற்கிறார்கள், டிரைவரும் நானும் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம், டிரைவர் காலையில் கொடுத்த கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிற முகத்தோடு இழுக்கிறார். கடைசியில் கிடைத்த சீருடைகள் கசங்கிப்போய், துவைத்துப் பிழிந்து உதறாமல் எடுத்த மாதிரி இருந்தன. என் மகள் தன்னுடையதை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது, "அம்மா என்ன சொன்னாங்க?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

சரி, இனி வாயையும் கையையும் கட்டிக்கொண்டு உட்காருவோம் என்று மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பல் டாக்டரம்மா, அவரும் துணைக்கு வந்தவர்தான், அவர் மகள்தான் புல்லாங்குழல். மேடை ஏறியதும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே சுரத்தை நீட்டி ஊதி நிறுத்தினார்கள். சின்னப் பாட்டாக இருந்தாலும் ஒற்றுமையாக இருந்தது என்று நான் எழுந்து கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன். சுருதி சேர்க்கிறார்கள், இன்னும் தொடங்கவில்லை என்று டாக்டரம்மா என் காதோரம் சொன்னார். நான் உட்கார்ந்தேன். அத்தோடு அந்த நாளின் அவமானம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பாட்டு தொடங்கியது. உன் மருமகளுக்குக் கொடுத்திருந்தது சிம்பல். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாகப் பித்தளையில் இரண்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்து அடிப்பது. ஜால்ரா என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டு இரண்டு நாள் அவளிடம் பேச்சு வாங்கினேன். கடைசி வரிசையில், இரண்டு தட்டையும் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள் அக்கா. எல்லாரும் வாசிக்கிறார்கள், ஊதுகிறவன் கன்னம் வெடிக்க ஊதுகிறான், டிரம் அடிக்கிறவன் வியர்த்துக் கொட்டுகிறான், நம் வீட்டுப் பிள்ளை மட்டும் சும்மா நிற்கிறாள். கொஞ்ச நேரம் பொறுத்தேன். இன்னும் நிற்கிறாள். பயத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மூன்று மாசம் வீட்டில் தட்டுக்குப் பதில் தலையணையைக் கையில் கட்டிக்கொண்டு பழகிய பிள்ளை, இத்தனை பேர் முன்னால் உறைந்து நிற்கிறாளே, பெற்றவன் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று மனசு அடித்துக்கொண்டது. மெல்லக் கையை விரித்துச் சேர்த்துக் காட்டினேன். அவள் மாஸ்டரின் குச்சியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து மற்ற எல்லா வாத்தியமும் அடங்கி, புல்லாங்குழல் மட்டும் தனியாக, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக எழுந்தது. டாக்டரம்மா, தன் மகள் தப்பு செய்துவிடுவாளோ என்ற பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எனக்கு அந்தக் குழல் காதில் ஏறவே இல்லை. இவள் இன்னும் நிற்கிறாள் என்பதுதான் தெரிந்தது. பாதி எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கூடத்தின் கோடியில் நிற்கிறவனுக்குக் காட்டுகிற மாதிரி விரித்துச் சேர்த்தேன். அவள் கண் என் பக்கம் வந்தது. என்னைப் பார்த்தாள். அடித்தாள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடுவர் ஒருவர் கையிலிருந்த பேனா துள்ளி விழுந்து உருண்டது. டாக்டரம்மா கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்தார். குழல் நின்றுபோய், திக்கித் திணறி மறுபடி கிளம்பியது. அரங்கத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பி உன் மருமகளைப் பார்த்தது. நான் உனக்குப் போனில் சொன்னது இதைத்தான். நான் மெதுவாக உட்கார்ந்து என் செருப்பைப் பார்க்கத் தொடங்கினேன். பாட்டு முடிகிறவரை செருப்பையே பார்த்தேன். முடிகிற இடத்தில் எல்லா வாத்தியமும் சேர்ந்து பொங்கி வரும்போது இன்னொரு சிம்பல் அடி, பளீரென்று, அதற்கென்றே விட்டுவைத்திருந்த இடத்தில் போய் விழுந்தது. கேட்டேன், தலையைத் தூக்கவில்லை.

பரிசு கிடைக்காததைச் சொல்ல வேண்டியதில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த நடையில் மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, என்னம்மா ஆயிற்று என்று கேட்டார். திட்டவில்லை. நான் அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் நிற்கிறேன்.

"எண்ணிக்கை தப்பிடுச்சு சார். மன்னிச்சிருங்க."

இப்படிச் சொன்னாள் அக்கா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல். நான்தான் காரணம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில், "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றுதான் வந்தது. அதன்பின் அவள் புல்லாங்குழல் பெண்ணிடம் போனாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னாலிருந்து பார்த்தேன், இருவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை அழவைத்துவிட்டோமே என்று ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வரும்போது அவள் பின் இருக்கையில் தோழிகளோடு இருந்தாள். பஸ்ஸில் ஆளாளுக்கு வந்து எனக்கு பிஸ்கட் நீட்டிக்கொண்டே இருந்தார்கள். அவளுடைய இசைத்தாள் அடங்கிய பை என் மடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கோடு கோடாக இருக்கிறதே தவிர ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அச்சுப் பிழையா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அது பிழை இல்லை, சும்மா இருக்க வேண்டிய நேரம், அதையும் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும், அதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்று தன் மகள் சொல்வாள் என்றார் அவர். தாளின் கடைசி வரியில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. உங்கள் மகளுக்கு அந்த ஒரு அடிதான், மூன்று மாசமாக அந்த ஒன்றுக்காகத்தான் வந்துகொண்டிருந்தாள் என்றார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்த அடி அது. அதை அடித்தபோது என் மகள் எப்படி நின்றாள் என்று எனக்குத் தெரியாது. இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா, வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வந்த மறுவாரமே அவளிடமிருந்து சிம்பலை எடுத்து வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவளுக்குப் பெரிய டிரம்மாம். அவள் இடுப்பளவு இருக்கிறது, தோளில் பட்டை போட்டு மாட்டிக்கொண்டு விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூட்டை சுமக்கவைத்த மாதிரி தண்டனை. ஏன் என்று அவளிடம் கேட்க எனக்கு எந்த முகம் இருக்கிறது? மாஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வேலை விட்டு வரும்போது பள்ளிக்கூடம் வரை போனேன். அவர் அறைக்கதவில் கை வைக்கும்போது, உள்ளே யாரோ வாசிக்கிறார்கள், நடுவில் புகுந்து கெடுத்துவிடக் கூடாது என்று திரும்பினேன். மறுநாளும் போனேன். உள்ளே யாரும் வாசிக்கவில்லை. அப்போதும் திரும்பினேன்.

ஆகவே நீதான் அவருக்குப் போன் செய்ய வேண்டும். மூத்தவள் சொன்னால் மரியாதை உண்டு. என் தம்பி சின்ன வயசிலிருந்தே கொஞ்சம் ஒரு மாதிரி, யாராவது சும்மா இருந்தால் பொறுக்காது, மற்றபடி நல்லவன், பிள்ளைமேல் குற்றமில்லை என்று எடுத்துச் சொல். தேவையானால் சின்ன வயசில் நான் தலையில் அடிபட்டு விழுந்ததாகவும் சேர்த்துக்கொள், நான் மறுக்கமாட்டேன். ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அத்தனை பேர் முன்னால், தப்பு என்று தெரிந்தே, அப்பன் சொன்னானே என்பதற்காக அடித்தாள் பார், அந்தக் கீழ்ப்படிதல் இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு வரும்? அந்த மட்டுக்கும் வளர்ப்பில் குறை வைக்கவில்லை.

மாமாவின் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் பிள்ளைகள் எந்த வாத்தியமும் கற்காமல் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

என்றும் உன் தலைக்குனிவான
தம்பி

பின்குறிப்பு: கவர் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் உன் மருமகள் இதை மேசையில் பார்த்து, முழுக்கப் படித்துவிட்டாள். நான் வந்ததும் எதிரே உட்காரவைத்தாள். கீழ்ப்படிதல் எல்லாம் இல்லையாம். "நீங்க பாதி எழுந்துட்டீங்கப்பா. இன்னும் கொஞ்சம் விட்டா மேடைக்கே வந்திருப்பீங்க. அதுக்கு இது பரவால்லைன்னு அடிச்சேன்" என்றாள். மேடையில் இருந்த எல்லாருமே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், மாஸ்டருக்கும் அன்றைக்கே தெரியுமாம். புல்லாங்குழல் பெண்ணும் அவளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழவில்லையாம், சிரித்தார்களாம். பஸ்ஸில் எல்லாரும் எனக்கு பிஸ்கட் நீட்டிக்கொண்டே இருந்தது பாவம் பார்த்தாம். அப்படியென்றால் சிம்பலை ஏன் பிடுங்கினார்கள் என்று கேட்டேன்.

"யாரும் பிடுங்கலை. நான்தான் மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். அடுத்த கச்சேரிக்கும் நீங்க வருவீங்கல்ல? டிரம்னா சும்மா நிக்கவே வேண்டாம், அடிச்சுக்கிட்டே இருக்கலாம். உங்களுக்கும் நிம்மதியா இருக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா. என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னாள். நீ போன் செய்ய வேண்டாம். நாளைக்கு வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மாஸ்டரின் கதவைத் தட்டி, என் மகளுக்கு அந்தச் சும்மா நிற்கிற இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நானே கேட்கப் போகிறேன்.