பஸ்தியான் மேசையில் ஏறிய கதை

மைத்துனன் சூசைப்பிள்ளையின் கால் இனிமேல் இந்த வீட்டு மேசையில் படவே கூடாது என்று பஸ்தியான் அன்று மத்தியானம் சபதம் எடுத்தார். எடுக்காமல் என்ன செய்வார்? சூசைப்பிள்ளை சிலாபத்தில் வயரிங் வேலை செய்கிறவன். போன வருசம் வந்து, இந்த மேசையில் ஏறி, ஒரேயொரு பல்ப் ஹோல்டரை மாற்றினான். அதை நத்தார் விருந்தில் சொன்னான், ஈஸ்டருக்குச் சொன்னான், ஒரு செத்த வீட்டில் கூடச் சொன்னான். "அத்தானுக்குக் கடலை விட்டா ஒண்டும் தெரியாது!" மனுசன் எத்தனை தரம்தான் கேட்பது?

இப்போது ஹோல் லைட் எரியவில்லை. அதுவும் எந்த நாளில்! ஒக்டோபர் மாசம் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாக ஜெபமாலைக்குப் போகும். இன்று பின்னேரம் ஆறரைக்கு பஸ்தியான் வீட்டு முறை. தெருவே வந்து அந்த ஹோலில் முழங்காலில் நிற்கும்.

"தம்பிக்கு ஒரு கோல் எடுக்கட்டா?" என்றாள் மனைவி றோசா.

"போனை வை! நான் என்ன செத்தா போனன்?"

பஸ்தியான் சுவிச்சைப் பன்னிரண்டு தரம் தட்டினார். ஃபேனைப் போட்டார். பெரிய டொக்டர் மாதிரித் தாடையைத் தடவினார்.

"ஃபேன் சுத்துது. அப்ப கரண்ட் இருக்கு. சுவிச்சும் டக்கெண்டு சத்தம் போடுது. நோய் பல்பிலதான்!"

"அம்மாடி! இவ்வளவு படிச்ச ஆளெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே."

புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டு, ஃபேனை நிறுத்திவிட்டு மேசையில் ஏறினார். ஆடுகிற வள்ளத்தில் நின்று வலை இழுக்கிற மனுசனுக்கு ஆடாத மேசையில் ஃபேன் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. றோசா மேசைக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்க, ஏறினது ஏறினீங்க, அந்த மூலையில கிடக்கிற சிலந்தி வலையையும் ஒருக்காத் தட்டி விடுங்க."

எட்டு மாசமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த வேலை. எட்டு மாசமாக அவர் "நாளைக்கு" என்று சொன்ன வேலை. மேலே வீரனாக நிற்கும்போது எப்படி மறுப்பது? தட்டினார்.

"மற்ற மூலையும்."

மேசையை இழுத்துப் போட்டுத் தட்டினார்.

"ஃபேனும் கறுத்துப் போய்க் கிடக்கு. இந்தாங்க ஈரத்துணி."

"நான் பல்ப் பாக்க ஏறினனா, வீடு கழுவ ஏறினனா?"

"தம்பியெண்டா இதையும் செய்துபோட்டுத்தான் இறங்குவான்."

ஃபேன் பளபளத்தது. பிறகு திரு இருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடி. பிறகு யன்னல் சீலைக் கம்பி. கடைசியாக பல்பைக் கழற்றிக்கொண்டு இறங்கியபோது பஸ்தியானின் தலை முழுக்கத் தூசு. மா மூட்டைக்குள் விழுந்த எலி தோற்றுப்போகும்.

பல்போடு கற்பிட்டிச் சந்திக்கு, நஸீம் நானாவின் கடைக்குப் போனார். நானா எதையும் சோதிக்காமல் விற்கமாட்டார். பழைய பல்பை வாங்கித் தன் மேசையில் இருந்த ஹோல்டரில் பூட்டினார். பளிச்!

"அண்ணே, இது நல்லா எரியுதே!"

பஸ்தியானின் முகம் செத்துப்போயிற்று. நோய் பல்பில்தான் என்று தெருவுக்கே கேட்கக் கத்தியாகிவிட்டது. இப்போது வீட்டுக்குப் போய் நோய் பல்பில் இல்லை என்றால் றோசா போனை எடுப்பாள். சிலாபத்து பஸ்ஸில் சூசைப்பிள்ளை வந்து இறங்குவான். அதற்குப் பிறகு பஸ்தியானின் சொந்தச் செத்த வீட்டிலும் அந்தக் கதைதான்.

"நானா, எனக்குப் புதுசு ஒண்டு தாங்க. இது வெளிய போகக் கூடாது."

"நான் ஏன் சொல்லப் போறன்? இந்தக் கிழமை நீங்க நாலாவது ஆள். நாலு பேரும் எரியுற பல்பைத்தான் கொண்டு வந்தீங்க. நாலு பேரும் இதையேதான் சொன்னீங்க."

நாலு பேரென்ன, நாப்பது பேரென்றாலும் பஸ்தியானுக்கு அதை யோசிக்க நேரமில்லை. பழைய பல்பைச் சாரத்து மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மேசையில் ஏறினார். "மாதாவே, மானத்தைக் காப்பாத்து!" என்று புது பல்பைப் பூட்டினார். றோசா சுவிச்சைத் தட்டினாள். எரிந்தது!

பஸ்தியானுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. றோசா அவருக்குப் பிளேன்டீயும் ரெண்டு துண்டு தொதலும் கொண்டுவந்து வைத்தாள்.

ஆறரைக்குச் சுரூபம் வந்தது. சனம் வந்தது. அடுத்த வீட்டு றொபின்சன் முகட்டைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"என்ன மச்சான், வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சதா?"

"எல்லாம் நாந்தான்!" பஸ்தியானின் நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிந்தது. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடியும்வரை அவர் மாதாவைப் பார்த்ததை விட லைட்டைப் பார்த்ததுதான் கூட. தன் மானத்தையும் ஒரு பொய்யையும் ஒன்றாகக் காப்பாற்றிய மனுசன் வேறு எங்கே பார்ப்பான்?

எல்லாம் முடிந்து, தேத்தண்ணிக் கோப்பையை வைக்கக் குசினிப் பக்கம் போனார். உள்ளே றொபின்சனின் மனைவி அஜித்தா நின்றாள். நாளைக்கு அவள் வீட்டு முறை. அவள் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்தியான் கதவடியில் நின்றார்.

"றோசா அக்கா, பல்பை எந்தப் பக்கம் திருப்பினா எரியாமப் போகும்?"

"இடப்பக்கம். அரைச் சுத்துப் போதும். ஆனா ஒண்டு, மேசையில நிக்கேக்க சிலந்தி வலையில மட்டும் கையை வச்சிடாத. அது உன்ட மனுசன்ட வேலை."