ஜட்ஜம்மாவின் இட்லிச் சட்டி

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே அதிக நிரபராதிகளைக் காப்பாற்றியவர் யார் என்று என்னைக் கேட்டால், கோர்ட்டு இருக்கும் திசையில் கை காட்ட மாட்டேன். எங்கள் தெருக் கடைசி வீட்டின் கார் ஷெட்டைத்தான் காட்டுவேன். அங்கே சுங்குடிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்ட்டை அளக்கும் மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, திறந்த பானட்டுக்குள் தலையை விட்டபடி ஒருவர் நிற்பார். அவர்தான் ஜட்ஜம்மா.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட "ஜட்ஜம்மா வீட்டுக்கு ஒண்ணு" என்றுதான் உருட்டிக்கொண்டு போவார். தொலைபேசி நிலையத்தில் பழுது கண்டுபிடிக்கும் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய பழைய கார், மாதத்தில் பாதி நாள் மெக்கானிக்கிடமே குடியிருந்தது. நாலாவது மெக்கானிக்கும் கையை விரித்த அன்று, "எந்தத் தெருவுல எந்த ஒயரு அறுந்துச்சுன்னு ஆபீஸ்ல ஒக்காந்தே சொன்னவ நான். ஒத்தக் காரு, எனக்குப் பயங்காட்டுதா?" என்று மீட்டரைக் கையில் எடுத்தவர்தான்; இன்னும் கீழே வைக்கவில்லை. இதில் வேடிக்கை, இத்தனை கார்களுக்கு உயிர் கொடுத்தவருக்கு ஒரு காரையும் ஓட்டத் தெரியாது. ஓட்டுவது அவர் கணவர். அவரைத் தெருவில் எல்லோரும் "சார்" என்போம். வீட்டில் சமையலும் சார்தான்.

ஷெட்டுச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும். கார் உள்ளே வந்ததும் ஜட்ஜம்மா சாக்பீஸை எடுத்து, யார் யார் மீது சந்தேகமோ அத்தனை பேரையும் வரிசையாக எழுதுவார். பேட்டரி, பெட்ரோல் பம்ப், இந்த சென்சார், அந்த சென்சார். ஒவ்வொன்றாகச் சோதித்து, குற்றமில்லை என்றால் அழிக்க வேண்டும். அழிப்பது அவர் வேலையில்லை. யார் வாயால் அந்தப் பழி வந்ததோ அவர்தான் தன் கையால் அழித்து, "விடுதலை" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தாசில்தாரே வந்தாலும் இதைச் சொல்லாமல் வண்டி வெளியே போகாது.

"டெஸ்ட் பண்ணாம ஒரு சாமான மாத்துறது என்கவுன்ட்டரு தம்பி. கோர்ட்டுக்கே கொண்டு வராம சுடுறது. என் ஷெட்டுல அது நடக்காது" என்பார்.

டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் எஞ்சின் விளக்கை மட்டும் அணைத்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் மேல் அவருக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "பிள்ள அழுதா வாயப் பொத்திட்டு, அழுக நின்னுருச்சும்பீகளோ?" என்று கேட்டு, வந்த வழியே அனுப்பிவிடுவார்.

ஆவூர்க்காரர் ஒருவரின் வழக்கு எங்கள் தெருவில் இன்றும் பேசப்படுகிறது. வளைகுடாவில் சம்பாதித்து ஊர் திரும்பி, ஆசையாகக் கார் வாங்கியவர். கார் எப்போதும் ஒரே சாவியில் கிளம்பும். டேங்க்கை நிரப்பிய கையோடு மட்டும் கிளம்பாது. பங்க்கிலேயே நின்று இருமும். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்து மானத்தை வாங்குவார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று முடிவு கட்டி, மனிதர் பங்க் பங்க்காக மாறியிருக்கிறார். ஊருக்குள் சண்டை போடப் புது பங்க் இல்லாமல் போகவே, திருச்சி ரோட்டிலும் தஞ்சாவூர் ரோட்டிலும் போய்ப் போட்டிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல ஜட்ஜம்மா முகம் மாறாமல் பலகையில் எழுதினார். மொத்தம் ஒன்பது பங்க்.

டேங்க்கில் சேரும் பெட்ரோல் ஆவியை வேண்டிய நேரத்தில் மட்டும் எஞ்சினுக்குள் விட ஒரு குட்டி வால்வு உண்டாம். சோலனாய்டு என்றார். கரண்ட் வந்தால் "டக்"கென்று திறக்கும், போனால் மூடிக்கொள்ளும். ஜட்ஜம்மா அதைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, ஒரு ரப்பர் குழாயைச் சொருகி ஊதினார். மூடியிருக்க வேண்டிய வால்வு வழியே காற்று போய், பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸ் தூள் பறந்தது.

"கேட்டத் தொறந்து போட்டுட்டுத் தூங்குற வாட்ச்மேன் இவன். நீங்க டேங்க்க ரொப்புனா, ஆவி பூராம் எஞ்சினுக்குள்ள போயிருது. அது மூச்சு முட்டி இருமுது. பங்க்குக்காரவுக என்ன பாவம் பண்ணுனாக? அழிங்க."

ஆவூர்க்காரர் ஒன்பது தடவை "விடுதலை" சொன்னார். ஏழாவதிலேயே குரல் கம்மிவிட்டது. குற்றவாளி வால்வு, ஒரு அட்டைச் சீட்டுடன் ஷெட்டின் கம்பியில் தொங்கவிடப்பட்டது. தண்டனை பெற்றவர்கள் எல்லோரும் அந்தக் கம்பியில்தான் வரிசையாகத் தொங்குகிறார்கள்.

இன்னொரு குணமும் உண்டு. ஓடும் வண்டியில் ஜட்ஜம்மா கண் மூட மாட்டார். ஒரு தடவை திருச்சி பஸ்ஸில் எங்களோடு வந்தவர், கீரனூர் வருவதற்குள் எழுந்து போய் டிரைவரிடம், "தம்பி, மூணாவது கியர்ல ஒரு மொனகல் இருக்கு. டிப்போல சொல்லுங்க" என்றார். கண்டக்டர், "ஆத்தா, நீங்க சீட்டுல ஒக்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் இருந்த சார் என்னிடம் சலித்துக்கொண்டார். "கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசமாச்சு. இவ வண்டியில தூங்கி நான் பாத்ததில்ல. வண்டியவும் நம்ப மாட்டா, ஓட்டுற என்னையும் நம்ப மாட்டா."

இவ்வளவும் தெரிந்த நான்தான், ஒரு நாள் அந்தப் பலகையில் என் மனைவியின் பெயரையே எழுத வைத்தேன்.

மல்லிகாவுக்குத் திருமயத்தில் பள்ளிக்கூட வேலை. இருபது வருஷம் பஸ்ஸில் நின்றபடியே போய் வந்தவள், நாற்பத்தி நாலு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் தனியாகப் போய்ச் சேர்ந்துவிட்டு எனக்கு போன் செய்து, "வந்துட்டேங்க" என்றாள். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மூன்று மாதம் கழித்து அந்தக் கார் அவளை நடுரோட்டில் விட ஆரம்பித்தது. கோட்டை கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்ததும் பொசுக்கென்று நின்றுவிடும். நான் ஆபீஸில் சொல்லிவிட்டு, நண்பரின் பைக்கை வாங்கிக்கொண்டு அடித்துப் பிடித்துப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். போய்ச் சாவியைத் திருகினால் ஒரே திருகலில் கிளம்பும்!

நாலு தடவை இப்படியே நடந்தது. நாலு தடவையும் நான் அந்த ரோட்டோரத்தில், போகிற வருகிறவர்கள் முன்னால், "க்ளட்ச்ச ஒழுங்கா விடத் தெரியல ஒனக்கு. எங்கிட்ட மட்டும் எப்படி ஓடுது?" என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் கேட்டதையெல்லாம் எழுதினால் இன்னும் அசிங்கம். நாலாவது தடவை அவள் வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினாள். "திங்கக்கெழமையில இருந்து பஸ்லயே போறேன். காருக்கும் எனக்கும் ராசியில்ல" என்றாள்.

அன்று சனிக்கிழமை. அவள் கேட்டுக்கொண்டதற்காக இல்லை, என் கட்சியை நிரூபிப்பதற்காகத்தான் சாயங்காலம் ஜட்ஜம்மாவிடம் காரை விட்டேன். மல்லிகா வர மாட்டேன் என்றாள். "சம்பவத்தப் பாத்த ஆளு இல்லாம கேசு எப்படி நடக்கும்?" என்று ஜட்ஜம்மாவே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

"யாரு மேல தம்பி புகாரு?"

"ஓட்டுறவுக மேலதான் அக்கா" என்று நான் சிரித்தேன். ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. பலகையில் முதல் வரியில், கொட்டை எழுத்தில், "மல்லிகா" என்று எழுதினார். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். என் சிரிப்பு பாதியில் நின்றது.

"கெளம்பி எத்தன நிமிசத்துல நிக்கிதும்மா?"

"இருபத்தஞ்சு நிமிசம் இருக்கும் அக்கா. நாலு தடவையும் அப்படித்தான்."

"இவரு ஓட்டுறப்ப?"

"இவுக எங்க அம்புட்டுத் தூரம் ஓட்டுறாக? வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் பத்து நிமிசம்."

"நிக்கிறப்ப வண்டி குலுங்குதா?"

"இல்லக்கா. வண்டி பாட்டுக்கு உருண்டுக்கிட்டே இருக்கும். எஞ்சின் சுத்துறதக் காட்டுமே ஒரு முள்ளு, அது மட்டும் பொட்டுன்னு சைபருக்கு விழுந்துரும். அப்பறந்தான் நின்னுருச்சுன்னே தெரியும்."

ஜட்ஜம்மா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க அந்த முள்ளப் பாத்திருக்கீங்களா தம்பி?" என்று என்னைக் கேட்டார். பதினைந்து வருஷமாகக் கார் ஓட்டும் நான், அப்படி ஒரு முள் இருப்பதையே அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

"கியர்ல உருளுறப்ப சக்கரம் எஞ்சினச் சுத்திக்கிட்டேதான இருக்கும்? அப்ப முள்ளு எப்படி விழும்? சுத்துறத எட்டிப் பாக்குற கண்ணு அவிஞ்சாத்தான் விழும்" என்றார். கிராங்க் சென்சார் என்று பலகையில் எழுதிவிட்டு, பழைய பிளக்ஸ் பேனரை விரித்துக் காருக்கு அடியில் போனார். ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, கட்டைவிரல் அளவு ஒரு கறுப்புச் சாமானோடு வெளியே வந்தார். மீட்டரை வைத்தால் எண்ணூற்று அறுபது ஓம் காட்டியது.

"இந்தக் காருக்கு இதான் சரியான அளவு" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பாத்தீங்களா அக்கா? சென்சாரு மேல தப்பு இல்ல!"

"ஆறிக் கெடக்குறப்ப எல்லாரும் நல்லவுகதான் தம்பி" என்றபடி அடுப்படிக்குள் போனார். உள்ளேயிருந்து சாரின் அலறல் கேட்டது. "மாவு பொங்கி நிக்கிது, தண்ணி கொதிக்கப் போட்டுட்டேன், இன்னைக்குமா என் இட்லிச் சட்டி?"

ஜட்ஜம்மா சென்சாரைப் பாலிதீன் பையில் சுற்றி, இட்லித் தட்டில் நடுக்குழியில் வைத்து மூடினார். மூடி ஓரமாக இரண்டு ஒயர்கள் மட்டும் வெளியே வந்து மீட்டரில் சேர்ந்தன. நாங்கள் நாலு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். எண்ணூற்று அறுபது மெதுவாகத் தொள்ளாயிரம் ஆனது. ஆவி மூடியைத் தூக்கியது. தொள்ளாயிரத்து ஐம்பது. ஆயிரம். ஆயிரத்து இருபது. சட்டென்று மீட்டரில் எண்ணே இல்லை.

ஜட்ஜம்மா சென்சாரை இடுக்கியால் எடுத்து விசிறியால் வீசினார். கொஞ்ச நேரத்தில் எண் திரும்பி வந்தது. மறுபடி சட்டிக்குள் வைத்தார், போனது. வீசினார், வந்தது. மூன்று தடவை. "மூணு தடவையும் ஒரே வாக்குமூலம்" என்றார். "சூடேறுனா உள்ள கம்பி விட்டுருது, ஆறுனா ஒட்டிக்கிருது. மல்லிகா ஓட்டுறப்ப சூடு. நீங்க பைக்குல போயிச் சேர்றதுக்குள்ள ஆறிருது. நீங்க தெறமசாலின்னு வண்டி கெளம்பல தம்பி. லேட்டா போனீங்க, அதான் கெளம்புச்சு."

எனக்கு முகம் சுருங்கிப் போனது. நாலு தடவையும் நான் பெருமையோடு திருகிய சாவிக்கு இதுதான் அர்த்தம்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே ஷெட்டுக்குப் போனேன். மல்லிகா பின்னால் வந்து நின்றாள். பலகையில் அவள் பெயரை உள்ளங்கையால் அழித்தேன். "விடுதலை" என்றேன். வெளியே வந்தது காற்றுதான்.

"கேக்கல" என்றார் ஜட்ஜம்மா.

"விடுதலை!" என்றேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மல்லிகா அழுதாளா சிரித்தாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே சார், சட்டியை மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் புது சென்சாரை வாங்கி வந்து மாட்டினோம். "சம்பவ எடத்தத் தாண்டாம கேசு முடியாது" என்று ஜட்ஜம்மா மீட்டரோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டார். ஓட்டியது மல்லிகா. நமணசமுத்திரம் தாண்டியது. அவள் கண் ரோட்டுக்கும் முள்ளுக்குமாக ஓடியது. என் கண் முள்ளை விட்டு அகலவில்லை. இருபத்தைந்தாவது நிமிஷம் கோட்டை தெரிந்தது. முள் விழவே இல்லை. கோட்டை பக்கத்தில் வந்து, பின்னால் போனது.

"அக்கா, தாண்டிட்டோம்!" என்று கத்தத் திரும்பினேன்.

மீட்டர் மடியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, தலையை ஜன்னலில் சாய்த்து ஜட்ஜம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மல்லிகா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கிவிட்டு, முன்னால் வந்த வேகத்தடைக்காக கியரைக் குறைத்தாள். க்ளட்ச்சை அவ்வளவு மெதுவாக விட்டு நான் யாரையும் பார்த்ததில்லை.