மச்சான் கம்ப்யூட்டர் ஓட்டுவார்

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் கம்ப்யூட்டரை என் மச்சானே ஓட்டுவாரு."

மாதா கோயில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஆம்ப்ரோஸ் இப்படிச் சொன்னதும் பங்குச்சாமிக்கே டீ புரையேறியது. புக்கிட் தீமா மலையைத் தூக்கிக் காத்தோங்கில் வைக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இரண்டு பேர் நம்பியிருப்பார்கள்.

மச்சான் இயேசுதாசன், ஆம்ப்ரோஸின் மனைவி பிரிஜட்டின் அண்ணன். சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்தும் லிஃப்ட் பொத்தானைத் தொடாதவர். அதே மாடிக்குப் போகிற யாராவது வரும்வரை கீழே நின்று பேப்பர் படிப்பார். அந்த வருஷம் முதன்முதலாக எம்ஆர்டி ரயில் விட்டு, ஊரே ஏறிப் பார்க்க முண்டியடித்தபோது, அவர் பஸ்ஸில் போய் இறங்கி, "நானுந்தான் வந்து சேந்தேன்" என்றார். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்த காலம் தொட்டு அவர் நம்பிய ஒரே இயந்திரம் டைப்ரைட்டர்தான். கோயில் ஆபீஸ் கடிதங்களையும் அங்கே மேசையில் இருந்த டைப்ரைட்டரில் அவர்தான் அடிப்பார்.

இயேசுதாசன் நிதானமாக எழுந்தார். "மாப்பிள்ளை, நான் ஓட்டறது இருக்கட்டும். மொதல்ல அது ஓடுதான்னு பாருங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். இல்லன்னா பழைய சாமான் எடுக்கற காராங்குனிக்காரனுக்குப் போட்டுடலாம்."

பேரவை கைதூக்கியது. கப்பல் கம்பெனி ஒன்று மூடும்போது கோயிலுக்குத் தானமாகத் தந்த பெட்டி அது. அதை வைத்துத்தான் கோயில் ஆபீஸ் சாவி ஆம்ப்ரோஸின் இடுப்புக்கு வந்தது. பெட்டி போனால் சாவி போகும். சாவி போனால், ஓய்வு பெற்ற மனிதர் மறுபடி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பிரிஜட் கூட்டும்போதெல்லாம் காலைத் தூக்கிக்கொண்டே மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பெட்டிக்கு உடம்பு இருந்தது, உயிர் இல்லை. இயங்குதளம் என்று இப்போது சொல்கிறார்களே, அதை ஆம்ப்ரோஸ் உயிர் என்றுதான் சொல்வார். நல்லவேளையாக அந்த வாரம் தோ பாயோ சமூக மன்றத்தில் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் மூன்று மேசை போட்டு, மூன்று விதமான உயிரை பிளாப்பி வட்டில் ஏற்றி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளையும் கூடவே தருவார்களாம். யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம்.

எது கற்றுக்குட்டிக்கு ஏற்றது? ஆம்ப்ரோஸ் யோசிக்கவே இல்லை. கோழிச்சோறு ஆகட்டும், லக்சா ஆகட்டும், எந்தக் கடையில் வரிசை நீளமோ அதுதான் நல்ல கடை. சிங்கப்பூரில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? மிக நீளமான வரிசையில் போய் நின்றார்.

முன்னால் நின்றவர் திரும்பினார். "அங்கிள், எத்தனாவது வாட்டி?"

"மொத வாட்டி."

"எனக்கு மூணாவது," என்றார் அவர், களைத்த முகத்தோடு.

மூன்று முறை வந்து வாங்குகிற சரக்கு. ஆம்ப்ரோஸ் பூரித்துப்போனார்.

ஆபீஸ் மேசையில் இருந்ததையெல்லாம் அப்புறப்படுத்தி, பெட்டியை நடுவில் வைத்து வட்டைச் செருகினார். திரையில் ஒரு கேள்விக்குறி வந்தது. எதை அடித்தாலும் பதிலுக்கு இன்னொரு கேள்விக்குறி. மச்சானிடம் இப்படி எதிர்க்கேள்வி கேட்டால் அவர் பெட்டியையே உடைப்பார். திருத்தலாம் என்றார்களே என்று கேள்விக்குறி இருந்த வரியை அழித்தார். உடனே பிரிண்டர் தானாகக் கிளம்பித் திருவிழாவுக்கு வைத்திருந்த காகிதத்தில் பாதியைக் கறுப்பாக்கித் தள்ளியது. அந்த இரைச்சலில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த சாமி வெளியே ஓடிவந்தார்.

அடுத்து, இரண்டாவது நீளமான வரிசை. இந்த உயிர் படமெல்லாம் காட்டியது, ஆனால் எழுத்துகள் எறும்பு அளவு. மச்சானின் கண்ணை நினைத்து, உள்ளே எழுத்தளவைக் குறித்திருந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டார். ஒரே ஒரு எழுத்து திரை முழுக்க நின்றது. அந்த அளவில் ஒரு கடிதம் எழுதினால் படித்து முடிப்பதற்குள் பெறுபவர் பென்ஷன் வாங்கிவிடுவார். சைபரை எடுக்கப் போனவர் கூடவே எண்ணையும் எடுத்துவிட்டார். எழுத்தே இல்லாமல் போயிற்று.

ஜன்னலுக்கு வெளியே இயேசுதாசன் தினமும் ஆஜர்.

"என்ன மாப்பிள்ளை, உயிர் வந்துச்சா?"

"மூச்சு வருது மச்சான்."

"ஓசில குடுக்கறவன் உயிரையா குடுப்பான்? எதுக்கும் காராங்குனிக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெக்கறேன்."

சனிக்கிழமை மத்தியானம், வேறு வழியில்லாமல் மூன்றாவது மேசைக்குப் போனார். ஈ காக்கை இல்லை. முகம்மது யூசுப் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த இளைஞர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, யாரையும் காணோம்?"

"வாங்கிட்டுப் போறவங்க திரும்பி வர்றதே இல்ல லா, அங்கிள்."

ஒருமுறை சாப்பிட்டவன் மறுபடி எட்டிப் பார்க்காத கடை. பாவம் பார்த்துத்தான் வட்டை வாங்கிக்கொண்டார்.

போட்டதும் திரை கேட்டது: என்ன வேண்டும்? எழுத ஒன்று, கணக்குப் பார்க்க இரண்டு, அச்சடிக்க மூன்று. அவ்வளவுதான். ஆம்ப்ரோஸ் நம்பவில்லை. வாரம் முழுக்க அடிபட்டவருக்கு அந்தப் பணிவே பயங்கரமாகத் தெரிந்தது. எதையும் அமுக்காமல், அணைக்கவும் துணியாமல், கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, சிராங்கூன் ரோட்டில் ஒரு டீ குடித்து, தோல்வியை எப்படிக் கௌரவமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து பேரவை கூடியது. இயேசுதாசன் கையில் கற்றையாகக் காகிதங்கள். ஆங்கிலத்தில் அடித்திருந்ததைத் தமிழில் விளக்கிக்கொண்டே போனார்.

"இந்த இயந்திரத்தைச் சராசரி மனுசனால இயக்க முடியாது. ஓய்வுபெற்ற கிளார்க்குகளால அறவே முடியாது. இதனால கோயிலுக்கு இதுவரை ஒரு வரிகூட எழுதப்படல. ஆகவே..."

பக்கம் பக்கமாகக் குற்றப்பட்டியல். தலைப்புகளுக்கு அடிக்கோடு, ஓரமெல்லாம் கத்தரித்தது போல நேர். பேரவை அசந்துபோனது. ஆம்ப்ரோஸ் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

வடைத் தட்டோடு வந்த பிரிஜட் அண்ணனின் தோள்வழியே காகிதத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, என்ன நீட்டா இருக்கு. எங்க அடிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம் ஆபீஸ்ல. கோவத்துல உக்காந்தேன், ஒரே மூச்சுல முடிச்சிட்டேன். நடுவுல ஒரு வார்த்தை தப்பாச்சு, அதுவும் தடம் தெரியாம அழிஞ்சிடுச்சு."

"டைப்ரைட்டரை இவரு திங்கக்கிழமையே நம்ம வீட்டு அடுப்பங்கரைக்குத் தூக்கிட்டு வந்துட்டாரே, மேசையில எடம் பத்தலன்னு. அப்ப இதை எதுல அடிச்சீங்க?"

சாமி ஒரு தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு ஓரமும் பிரிண்டர் காகிதத்துக்கே உரிய ஓட்டை வரிசை.

இயேசுதாசன் தம் விரல்களைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் சத்தமில்லாமல் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஒண்ணை அமுக்குன்னு சொல்லிச்சு, அமுக்கினேன்," என்று மெல்ல உட்கார்ந்தார் இயேசுதாசன். "ஓட்டிட்டேன், மாப்பிள்ளை."