அத்தை கொடுத்த பாஸ் சீட்டு

ஜீவனஹள்ளி, பெங்களூரு
புதன்கிழமை

அன்புத் தம்பி சுனிலுக்கு அக்கா ஜானகி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஓசூரில் நீயும் வீணாவும் ஏழு வாரக் குழந்தையும் சௌக்கியமாக இருக்கப் புத்தர் பெருமானை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்?

பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸை மூடியதும், பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்தேனே, அந்தக் கூத்தைக் கேள். குழந்தை தூங்கும்போதுதான் காதில் ரப்பர் முனையை வைக்க வேண்டும், சின்னச் சத்தம் கேட்டாலும் மிஷின் கோபித்துக்கொள்ளும், ஆனால் நான் ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனாலே போதும், யாராவது ஒரு தாத்தா எனக்கு ஒத்தாசை என்று நினைத்துத் தட்டைக் கரண்டியால் தட்டுவார், குழந்தை வீல் என்று கத்தும், பக்கத்துக் கட்டில்காரி என்னைத்தான் திட்டுவாள், அதுக்குள்ள ரப்பர் முனை எங்கேயாவது உருண்டு போய்டும், நான் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடணும், இந்த முட்டியை வெச்சிக்கிட்டு!

திரையில் பாஸ் என்று வரும், இல்லையென்றால் ரெஃபர். ரெஃபர் என்றால் செவிடு என்று அர்த்தமில்லை, மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பத்தொன்பது வருஷம் சட்டைக் காலரைப் பார்த்து பாஸ், ரிஜெக்ட் என்று கத்தின வாய் சும்மா இருக்குமா? முதல் ரெஃபர் வந்ததும் "ரிஜெக்ட்" என்று சொல்லித் தொலைத்தேன். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், "என் புள்ள ரிஜெக்ட்டா மேடம்?" என்று கேட்டாள் பாரு, வார்டே அழுதது. பயிற்சி தரும் கிருத்திகா மேடம் என்னை வெளியே கூப்பிட்டு, "ஜானகியம்மா, மிஷின் சொல்றத மட்டும் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்" என்றார். அன்றிலிருந்து ரெஃபர் வந்தால் வாயைத் திறக்கும் முன் திரையை மூன்று தடவை படிக்கிறேன்.

தினமும் காலையில் மிஷின் சரியாக இருக்கிறதா என்று என் காதிலேயே வைத்துப் பார்த்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். மாமியாரின் இருபது வருஷப் பேச்சைத் தாங்கிய காது, ஒரு நாள் தவறாமல் பாஸ்.

இங்கே பிறந்த நம் குழந்தையையும் நான்தானே பார்த்தேன். வீணா அந்தப் பாஸ் சீட்டைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறாளாமே. குக்கர் விசில் அடித்தாலும் அசையாமல் தூங்குகிறாள், சமத்து என்று உனக்குப் பெருமை வேறு. உன் பிள்ளைதானே, தூங்கட்டும். திங்கட்கிழமை எனக்குச் சர்டிபிகேட் தருகிறார்கள்.

வீணாவைத் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்க வேண்டாம் என்று சொல். குழந்தைக்கு அத்தையின் முத்தம். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
உன் அக்கா
ஜானகி

பி.கு.: சுனிலு, அந்தச் சீட்டு என் காதுடையது. நம் குழந்தைக்கு இரண்டு காதிலும் இரண்டு தடவையும் ரெஃபர்தான் வந்தது. வீணா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளும் ரிஜெக்ட்டா என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். காலையில் எடுத்த என் சீட்டில் குழந்தை பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். காதில் நீர் இருந்தாலும் அப்படி வரும். ஆனால் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும், ஏழு வாரத்தை நான் தின்றுவிட்டேன். நாளைக்கே மேடத்திடம் சொல்லிவிடுவேன், சர்டிபிகேட் போனால் போகட்டும். திட்டுவதை நேரில் வந்து திட்டு. குக்கருக்கு அவள் எழ மாட்டாள். தொட்டு எழுப்பு, தூக்கிக்கொண்டு உடனே வா.