கூடவே இறங்கும் டாக்சிக்காரன்

மலேசியாவில், எங்கள் கெடா மாநிலத்தில் எந்த டாக்சியில் ஏறினாலும் இறங்கிப் போய்விடலாம். கூடவேயின் காரில் அது நடக்காது. நாம் இறங்கினால் அவனும் இறங்குவான். காரைப் பூட்டிக்கொண்டு நம்மோடு உள்ளே வருவான். அதனால்தான் எங்கள் ஊர் புக்கிட் செலம்பாவில் அவனுக்குக் கூடவே என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

கிளினிக்கில் டாக்டருக்கு எதிரே நான், என் பக்கத்தில் அவன். "இனிப்பைக் குறைச்சீங்களாம்மா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்பார். நான் வாய் திறப்பதற்குள், "எங்க டாக்டர், நேத்து கோயில்ல பாயசம் ரெண்டு தடவ" என்பான்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நீ என் டாக்சியா, என் மாமியாராடா?"

"மாமியாரா இருந்தா ஊர்ல சொல்லியிருப்பேன்க்கா. நான் டாக்டர்கிட்டதான்லா சொன்னேன்."

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஜித்ராவில் பெண் பார்க்கப் போன கதை இன்னும் மோசம். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் கூடவே உள்ளே போய் நடு சோபாவில் உட்கார்ந்துவிட்டான். பெண் முதல் தேத்தண்ணியை அவனுக்குத்தான் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சும்மா இருந்தானா?

"பையன் தங்கம். ஆனா தூரமா கார்ல போனா வாந்தி எடுப்பான். இன்னைக்கும் குருண் பக்கம் நிறுத்துனோம். பின்னால யாரும் சொல்லலன்னு பேசக்கூடாது பாருங்க."

பையனின் அம்மா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண்ணோ தலை நிமிராமல், "எனக்கும்தான் வரும்" என்றாள். அங்கேயே முடிவாகிவிட்டது. கல்யாணத்தில் கூடவேக்கு முதல் பந்தி.

பினாங்கிலிருக்கும் என் மகளுக்கு மட்டும் அவனைக் கண்டாலே ஆகாது. "நம்ம வூட்டு வெசயம் பூரா அந்தாளுக்குத் தெரியுதும்மா. இனிமே நானே போன்ல கார் கூப்பிட்டு விடுறேன்" என்றாள். அவள் அங்கே விரலால் தட்டினால் இங்கே வாசலில் கார் நிற்கிறது. நல்ல குளுகுளு கார். ஓட்டுகிறவன் காதில் எதையோ செருகியிருப்பான். "சாப்டியாப்பா?" என்று கேட்டேன். பதிலுக்கு அவன் போன்தான், வலது பக்கம் திரும்பு என்றது.

பேங்கில் மிஷின், பெரிய கடையில் மிஷின். காரிலாவது மனிதன் இருக்கிறானே என்று பார்த்தால் அவனும் இப்படி. ஊரே அந்தக் கார்களுக்கு மாறிவிட்டது. கூடவேயின் கார் மாமரத்தடியில் இலை மூடிக் கிடந்தது.

கண் ஆபரேஷனுக்குச் சுங்கை பட்டாணி போனதும் குளுகுளு காரில்தான். துணையென்று நான் யாரையும் கூப்பிடுகிறவள் இல்லை. ஓட்டி வந்தவன் ஆஸ்பத்திரி கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். உள்ளே மலாய்க்கார நர்ஸ், "கூட வந்த சொந்தக்காரர் எங்கே மக்சிக்?" என்று அத்தை முறை வைத்துக் கேட்டாள். யாருமில்லை என்றேன். ஆள் இல்லாமல் செய்ய மாட்டார்களாம். இன்றைக்கு விட்டால் இனி எத்தனை மாதமோ. எனக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருப்பது இந்த ஒன்று, அதிலும் புகை. மகள் பேக்டரி வேலையில், போனை எடுக்கவில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பர் ஒன்றே ஒன்றுதான். நர்ஸிடம் சொன்னேன், போட்டுக் கொடுத்தாள்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான் கூடவே.

"ஏன்க்கா, அந்தக் குளுகுளுக்காரன் உள்ள வரலியா?"

"வாய மூடிக்கிட்டு வா."

என்ன உறவு என்று நர்ஸ் அவனைக் கேட்டாள்.

"டாக்சி."

"டாக்சி உறவாகாது. சொந்தக்காரர் வேணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான், "அடிக்" என்றேன். தம்பிக்கு மலாயில் அதுதான்.

"சொந்தத் தம்பியா?"

"ஒரே தம்பி."

அதற்குப் பிறகு அவனை யார் பிடிப்பது. "எந்தக் கண்ணுன்னு பாத்து செய்யச் சொல்லுங்க மிஸ்ஸி. எங்க அக்கா பசி தாங்க மாட்டாங்க. மெதுவா, மெதுவா." நர்ஸ் அவனைத் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று.

திரும்பும்போது கண்ணில் கட்டு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வழி நெடுக அவன்தான் எனக்காகப் பார்த்துக்கொண்டு வந்தான். யார் வீட்டில் புதுப் பெயிண்ட், எவள் வாசலில் நின்று எவளோடு பேசுகிறாள், எவன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான், எல்லாம் சொன்னான். கார் நின்றது. வீடு வந்துவிட்டது என்று தெரிந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. அவன் சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.